வெளிர் நிறப் புடவை

மூன்று வருடம் கழித்து வந்த சுற்றறிக்கை
மகளிர்க்கென்று ஒரு பத்தி ஒதுக்கியிருந்தது:
வெளிர் நிறப் புடவை, கறுப்புக் காலணி,
ஜரிகை வேண்டாம், பூ வேண்டாம்.
அதற்குக் கீழே, அரங்கில் அனுமதி இல்லாதவை:
கைபேசி, தண்ணீர் பாட்டில், குடை, குழந்தை.

விண்ணப்பித்தபோது எனக்குக் குழந்தை இல்லை.
குடையும் இல்லை.

வெளிர் நிறம் என்று எழுதியவர்
ஐந்து மாதக் குழந்தையை
மூன்று மணி நேரம் பிரிந்தவராக இருக்க முடியாது.
கட்டிலில் ஆறு புடவையை விரித்து
ஒவ்வொன்றிலும் விரல் நுனியால் தண்ணீர் தொட்டு வைத்தேன்.
"பரீட்சையா?" என்றார் தயாநிதி.
பின்னே, எம்.எஸ்சி. விலங்கியல்
எதற்காகப் படித்தது?
இளமஞ்சள் உடனே காட்டிக்கொடுத்தது.
சந்தன நிறமும்.
கருநீலம் மட்டும் வாயே திறக்கவில்லை.

ரவிக்கை ஒன்றும் தேறவில்லை.
சத்துவாச்சாரி முனிரத்தினம்
உள்மடிப்பெல்லாம் பிரித்துவிட்டு
"இதுக்கு மேல துணி இல்லமா" என்றார்.
பிறகு, நான் கேட்காமலே,
முதுகுக் கொக்கிகளை முன்பக்கம் மாற்றித் தந்தார்.
கூலியில் அதைச் சேர்க்கவில்லை.

சேர்க்காட்டில் எட்டு மணிக்கே தார் இளகியது.
ஷாமியானாவுக்குக் கீழே அங்கி.
வாடகை முந்நூறு, முன்பணம் எழுநூறு,
கறை பட்டால் பிடித்தம்.
எனக்கு இருநூற்றுப் பதினேழாம் எண்.
கழுத்தில் யாருடைய பவுடரோ,
ஓரத்தில் போன வருடத்து ஊக்கு.
ஆரணி வேதவல்லி அதைக் கழற்றித்
தன் பருத்திப் புடவையில் குத்திக்கொண்டாள்.
"உங்க வீட்ல பட்டு தானே?"
"அது விக்கறதுக்கு."
மேல்விஷாரம் நவ்ஷீனின் முக்காட்டு மேல்
தொப்பி வழுக்கிக்கொண்டே இருந்தது.
இரண்டு பேர் பிடிக்க, ஒருத்தி குத்த,
நாலாவது ஹேர்பின்னில் நின்றது.
வாசலில் ஒரு அம்மாள் என் கொசுவத்தைப் பார்த்து
"வெளிர் நிறம்னு போட்டிருந்தோமே" என்றார்.
அங்கியை இழுத்து மூடிக்கொண்டேன்.

ஏழாம் வரிசை. முனைவர்கள் முடிந்தபாடில்லை.
எங்கோ வெளியே ஒரு குழந்தை அழுதது.
என்னுடையது இல்லை.
எனக்குத் தெரிந்தது,
உடம்புக்குத் தெரியவில்லை.

பாலூட்டிகள்.
மூன்றாம் பருவம், இரண்டாம் தாள்,
பதினைந்து மதிப்பெண்.
வரிசை வரிசையாக வகை எழுதி
திமிங்கலம் வரைந்து பாகம் குறித்தேன்.
அந்தச் சொல்லுக்குள்
பால் இருந்தது கண்ணில் படவே இல்லை.

ரவிக்கை நனைந்தது. புடவை நனைந்தது.
அங்கி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.
காற்று புகாத கறுப்பு பாலியெஸ்டர்,
வேலூர் மே மாதத்தை அறியாதவன் தைத்தது என்று
காலையெல்லாம் அதைத் திட்டியிருந்தேன்.

சு. எப்சிபா என்று வாசித்தார்கள்.
யார் கையிலிருந்து வாங்கினேன், நினைவில்லை.
உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினேன்.
எல்லாரும் அப்படித்தான் இறங்கினார்கள்.

சைக்கிள் நிறுத்தத்தின் பின்னால் புங்க மரத்தடி.
தயாநிதியின் சட்டை தோள்வரை கக்கல்.
மகள் என்னைப் பார்த்து வீறிட்டாள்,
தொப்பியைக் கழற்றியதும் குஞ்சத்துக்குத் தாவினாள்.
அங்கியின் ஜிப்பை இறக்கி
மரத்தைப் பார்த்து உட்கார்ந்தேன்.
இரண்டு பேர் நுழைகிற அளவுக்கு
அதை ஏன் தைக்கிறார்கள் என்பதற்கு
ஒரு காரணமாவது கிடைத்தது.

திருப்பித் தரும் மேசையில்
"இன்னாமா கறை இது?"
"பால்."
பையன் நிமிரவில்லை.
பேனா ரசீதின் மேல் நின்றது.
"டீ" என்று எழுதி
ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டான்.

காட்பாடி பஸ்ஸில் ஜன்னலோர இடம்.
அவள் தூங்கிவிட்டாள், பட்டத்து உறை மேல் காலைப் போட்டு.
குனிந்து பார்த்தேன்.
கருநீலத்தில் காய்ந்து
உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு வட்டம்,
சுற்றறிக்கையில் கேட்டிருந்த
அதே நிறத்தில்.